உலையைத் தாமிரத்திடம் கொண்டுபோங்கள்

வால்ஹெய்ம் ஆட்டத்தில் வெண்கலக் கவசம் செய்ய ஆளுக்கு ஆள் திண்டாடுவதற்கு ட்ரோல் என்ற அரக்கன் காரணமில்லை, பேஸிலேயே உலையைக் கட்டி உட்கார்ந்திருப்பதுதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. கணக்கைப் பாருங்கள். தலை, மார்பு, கால் என்று மூன்று கவசத்துக்கும் தலா 5 வெண்கலம், 2 மான்தோல். ஒரு வெண்கலத்துக்கு 2 தாமிரம், 1 வெள்ளீயம். ஆக 30 தாமிரத் தாது, 15 வெள்ளீயத் தாது. தாமிரத் தாது ஒன்றின் எடை 10. தொடக்கத்தில் ஓர் ஆள் சுமக்கக்கூடிய மொத்த எடையே 300. கோடரியும் சாப்பாடும் கையில் இருந்தால் தாமிரம் மட்டுமே ஒரு நடையில் வராது. நொடியில் இடம் மாற்றும் போர்ட்டலோ தாதுவையும் உலோகத்தையும் விடாது. செய்து முடித்த கவசத்தை விடும். அப்படியிருக்க, கவசத்தைச் சுரங்கத்திலேயே செய்து உடுத்திக்கொண்டு வருவதை விட்டுவிட்டு மண்ணும் கல்லுமாகச் சுமப்பானேன்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபோது கொரிய உதிரிபாக நிறுவனங்களும் கூடவே வந்து அக்கம்பக்கத்தில் ஆலை போட்டன. இடத்தை அடைக்கும் பாகத்தைத் தூரத்திலிருந்து ஏற்றிவந்தால் கட்டுப்படியாகாது.

உலையை இடம் மாற்றினால் நஷ்டம் என்பார்கள். உலைக்கும் கரிச்சூளைக்கும் தலா 20 கல், 5 சர்ட்லிங் கோர். சுத்தியலால் கலைத்தால் போட்டது அத்தனையும் திரும்பி வரும். 45 தாதுவுக்கு 90 கரி வேண்டும்தான். சுற்றிலும் காடுதானே, ஒரு கட்டைக்கு ஒரு கரி. கரையோரம் கிடைக்கும் வெள்ளீயம் எடை குறைவு, அதைத் தாமிரத்திடம் கொண்டுவாருங்கள். கவசம் அடிக்கும் பட்டறைக்குத் தனியாக 6 தாமிரம், மேலே ஒரு கூரை. காட்டில் கிரேட்வார்ஃப் என்ற எதிரிகள் தாக்குமே என்பது நியாயமான பயம். ஆனால் சுமையோடு ஓடமுடியாமல் பாதையில் மாட்டுவதைவிட வேலிக்குள் நின்று அடிப்பது எவ்வளவோ மேல்.

ட்ரோல் தோல் கவசமே போதும் என்று வீடியோவில் அடித்துச் சொல்கிறவர்களை நான் ஏற்கவில்லை. பதுங்கிப் போகிறவருக்கு அது சரி. ஆனால் தோலில் ஒவ்வொன்றும் 6 காப்பு, வெண்கலத்தில் 8. நேருக்கு நேர் நிற்கிறவருக்கு அந்த வித்தியாசம் உயிர். போர்ட்டல் விதியையே தளர்த்தும் வசதி 2023இல் வந்தது. நண்பர்கள் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் செய்யலாம். ஒத்துக்கொள்ளாத சர்வரில், ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து ஒரு மணி நேரமே ஆடக் கிடைக்கும் நீங்கள், அடுத்த தாமிரப் பாறையில் கைவைக்கும் முன் உலையை அங்கே நிறுத்திவிடுங்கள்.