நம்ம மலையில் என்ன இருக்கு?



"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்று ஒரு பழமொழி உண்டு. கீழே இருக்கிறவங்க சனி, ஞாயிறு வந்தால் நம்ம கொல்லிமலைக்கு ஏறி வர்றாங்க. நாமோ லீவு விட்டால் கீழே இறங்கத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு நாள் சுற்றிப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

ஒரு கேள்வி

ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்மேட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். காரில் வந்த ஒரு குடும்பம் ஓரி சிலைப் பக்கம் இறங்கினாங்க. அதில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "பாப்பா, இந்தச் சிலை யாரும்மா?" என்று கேட்டாங்க.

"வல்வில் ஓரிங்க" என்றேன்.

"அவரு என்ன பண்ணினாரு?"

"ராஜாங்க."

"சரி, ராஜா. என்ன பண்ணினாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. நல்ல வேளை பஸ் வந்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். ஆனால் வீடு வரைக்கும் மனசு உறுத்தியது. பரீட்சையில் "கடையெழு வள்ளல்களுள் ஒருவர்" என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். சிலைக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் வாய் திறக்கவில்லை.

மறுநாள் சமூக அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் திட்டவில்லை. "நம்ம பிள்ளைங்க நிறைய பேரு இப்படித்தான் இருப்பீங்க. ஒரு சனி, ஞாயிறு சுத்திப் பார்ப்போம், வாங்க" என்றாங்க. வீட்டில் அனுமதி வாங்கி நாங்கள் ஒன்பது பேர், இரண்டு டீச்சர்கள் கிளம்பினோம்.

அருங்காட்சியகம் என்றால் என்ன?

போவதற்கு முந்தின நாள் டீச்சர் ஒரு சின்ன பாடம் நடத்தினாங்க. அருமை + காட்சி + அகம் = அருங்காட்சியகம். அரிய பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடம். சென்னை எழும்பூரில் உள்ள அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. சேலத்திலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மே 18 உலக அருங்காட்சியக நாள். 1977-லிருந்து கொண்டாடுகிறார்கள்.

டீச்சர் சொன்னதில் முக்கியமானது இதுதான். ஒரு பழைய பானை வீட்டு மூலையில் கிடந்தால் அது வெறும் பானை. அதன் பெயர் என்ன, எங்கே கிடைத்தது, யார் பயன்படுத்தினார்கள், எந்தக் காலம் என்று நாலு வரி எழுதிப் பக்கத்தில் வைத்துவிட்டால் அது அருங்காட்சியகப் பொருள். பொருளை விட அந்த நாலு வரிதான் பெரிசு. இதை அன்றைக்கு நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

முதல் நாள்: நாமக்கல்

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினோம். சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே போகலாம் என்று பந்தயம் கட்டினோம். 31-வது வளைவில் என் தோழிக்கு மயக்கம் வந்தது, எண்ணிக்கை விட்டுப்போச்சு. பிறகு சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் போய்ச் சேர்ந்தோம்.

நாமக்கல் ஊருக்கு நடுவிலேயே ஒரே கல்லாக ஒரு மலை நிற்கிறது. சுமார் 65 மீட்டர் உயரம். மேலே கோட்டை. மலையின் ஒரு பக்கம் நரசிம்மர் குடைவரைக் கோயில், மறுபக்கம் ரங்கநாதர் குடைவரைக் கோயில். குடைவரை என்றால் கல்லை அடுக்கிக் கட்டியது இல்லை, பாறையையே உள்ளே குடைந்து செய்தது. ஒரு இடத்தில் உளி தவறினாலும் புதுக் கல் வைக்க முடியாது. டீச்சர் அதைச் சொன்ன பிறகு நாங்கள் சத்தம் போடாமல் பார்த்தோம்.

இவை 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ரங்கநாதர் குகையில் உள்ள கல்வெட்டு அதை "அதியேந்திர விஷ்ணு கிருகம்" என்று சொல்கிறது. செய்தவர் குணசீலன் என்ற அதிய அரசர். இந்த அதிய அரசர்கள் தகடூர் அதியமான் மரபில் வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். அதியமான் யார்? ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவர். நம்ம ஓரி மாதிரி அவரும் கடையெழு வள்ளல்களில் ஒருவர். புத்தகத்தில் ஒரே வரியில் படித்த பெயர்கள் பக்கத்து ஊர்க்காரர்களாக ஆகிவிட்டார்கள்.

இன்னொரு செய்தி. நரசிம்மர் கோயிலில் நாமகிரித் தாயார் சன்னதி உள்ளது. கணித மேதை ராமானுஜனின் குலதெய்வம் இந்தத் தாயார்தான். கணக்குப் பரீட்சையை நினைத்து நாங்கள் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே கும்பிட்டோம்.

அடுத்து நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை நினைவு இல்லம். அவர் 1888-இல் மோகனூரில் பிறந்தார், 1972-இல் மறைந்தார். உப்புச் சத்தியாகிரகத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். 1949-இல் அரசவைக் கவிஞர் ஆனார். நல்ல ஓவியரும் கூட. அவர் எழுதிய "மலைக்கள்ளன்" நாவல்தான் 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாக வந்தது. சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்ள பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய மனிதரின் வீடு ஒரு சாதாரண தெருவில் இருக்கிறது. அரண்மனை மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். வீடு மாதிரிதான் இருந்தது. வீடு கூட நினைவிடம் ஆகலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மதியம் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டோம். வாசலில் அழகுக்காக ஒரு திருகைக்கல் வைத்து, அதன் மேல் செவ்வந்திப் பூ பரப்பியிருந்தார்கள். எல்லோரும் "அய், நல்லா இருக்கு" என்றார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் நாள்: நம்ம மலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓரி சிலையிடம்தான் முதலில் போனோம். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன், எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரி சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்டவர். வில் வித்தையில் வல்லவர், அதனால் வல்வில் ஓரி. அவர் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துப் போனதாக வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பாடி வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார். கடைசியில் சேரனுக்காகப் போருக்கு வந்த மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இதில் ஆச்சரியம் என்னவென்றால் காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவர். கொன்றவரும் வள்ளல், செத்தவரும் வள்ளல்! ஏன் என்று டீச்சரிடம் கேட்டோம். "கொடுக்கிற குணம் வேற, நாடு பிடிக்கிற ஆசை வேற. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்கும்" என்றாங்க.

பிறகு பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோயில். ஆடி 18-க்கு வருஷா வருஷம் போகிறோம். ஐயாற்றில் குளிக்கிறோம், பொங்கல் வைக்கிறோம். ஆனால் அங்கே சோழர் காலக் கல்வெட்டுகள் இருப்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. கல்லில் உள்ள எழுத்தைப் பார்த்தால் சில எழுத்து நம்ம எழுத்து மாதிரியே தெரிகிறது. இந்தச் சாமி மேல் அம்பலவாணக் கவிராயர் "அறப்பளீசுர சதகம்" என்று நூறு பாடல்கள் கொண்ட நூலே பாடியிருக்கிறார்.

அங்கிருந்து ஆயிரம் படிக்கு மேல் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. ஐயாறுதான் அங்கே அருவியாகக் கொட்டி, புளியஞ்சோலை பக்கம் போகிறது. இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும். வழியில் சுற்றுலா வந்தவர்கள் போட்ட பிளாஸ்டிக் கவர், பாட்டில் நிறைய கிடந்தது. நாங்கள் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினோம். பொறுக்கியதில் நம்ம ஊர்க் கடைக் கவரும் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வீட்டில் இல்லாத கல்

இப்போது திருகைக்கல் விஷயம்.

எங்கள் வீட்டிலும் ஒரு திருகைக்கல் இருந்தது. அப்பாயி கல்யாணம் ஆகி வரும்போதே வீட்டில் இருந்ததாம். போன வருஷம் பழைய சாமான் வாங்குகிறவர் வந்து 250 ரூபாய் கொடுத்தார். அவர் வண்டி வரைக்கும் மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது நான்தான். அந்தப் பணத்தில் எனக்கு ஜாமெட்ரி பாக்ஸும் நோட்டும் வாங்கினார்கள். இந்தக் கட்டுரையில் கோடு போட்ட ஸ்கேலும் அந்தப் பாக்ஸில் உள்ளதுதான்.

ஞாயிறு சாயங்காலம் அப்பாயியிடம் அழுகிற மாதிரி சொன்னேன். "அந்தக் கல்லை வித்திருக்கக் கூடாது அப்பாயி. கீழ அதைப் பூ வெச்சு வாசல்ல வெச்சிருக்காங்க."

அப்பாயி சிரித்தார்கள். "பூ வெச்சிருக்காங்களா? அரைச்சுப் பார்த்தா தெரியும் கண்ணு. கோழி கூப்புடுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அரைக்கணும். அரைச்சாத்தான் களி. உள்ளங்கை காய்ச்சுப் போயிரும். போனா போவுதுன்னுதான் குடுத்தேன்."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. பழைய பொருள் என்றால் எல்லாம் நல்லது, அப்பாயி அதற்காக வருத்தப்படுவாங்க என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாயி இருட்டும் வரை சொன்னாங்க. கேழ்வரகைத் திருகையில் அரைப்பது, சாமையை உரலில் குத்துவது. இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தினாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் ஆகுமாம். அப்போது எங்கள் காட்டில் சாமை, தினை, கேழ்வரகு. இப்போது குச்சிக்கிழங்கு. அது ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. குத்துகிற கஷ்டமும் மாறியதற்கு ஒரு காரணம் என்றாங்க. சிறுதானியம் காப்பாற்ற நம்ம மலையில் பல வருஷமாக வேலை செய்கிற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உமி நீக்கும் மெஷினையும் கொண்டுவந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நாம் உறுதிமொழி எடுத்தோம். ஆனால் குத்தின கையை யாரும் பார்க்கவில்லை.

கல் போய்விட்டது. அது இனி வராது. ஆனால் டீச்சர் சொன்ன "நாலு வரி" அப்பாயியிடம் இருந்தது. அவங்களைக் கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

எப்படிப் பார்க்க வேண்டும்?

1. போவதற்கு முன் திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உதாரணமாக எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.
2. எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்கக் கூடாது. மூன்று பொருளை நன்றாகப் பார்த்தால் போதும்.
3. பொருளுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதை முதலில் படிக்க வேண்டும்.
4. சிற்பத்தையும் கல்வெட்டையும் தொடக் கூடாது. பெயர் கிறுக்கவே கூடாது.
5. அன்றைக்கே வீட்டில் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்களுக்குத் தெரிந்தது வெளியே வரும்.
6. நல்லதை மட்டும் எழுதாமல் கஷ்டத்தையும் எழுத வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

நம் வகுப்பறைக்குப் பின்னால் உள்ள பெஞ்சை டீச்சர் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பொருளைக் கொண்டுவர வேண்டாம், உடைந்துவிடும். உங்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளை வரைந்து, பெரியவர்கள் சொன்னதைக் கீழே எழுதி ஒரு அட்டையாகக் கொண்டுவாருங்கள். முதல் அட்டையை நான் வைத்துவிட்டேன். அதில் இருப்பது:

பெயர்: திருகைக்கல்.
பயன்: கேழ்வரகு அரைக்க.
பயன்படுத்தியவர்: என் அப்பாயி, அதற்கு முன் அவருடைய மாமியார்.
அப்பாயி சொன்னது: கை காய்ச்சுப் போயிரும்.
விற்ற விலை: 250 ரூபாய்.
இப்போது இருக்கும் இடம்: தெரியாது.

அடுத்த அட்டைகளில் கடைசி வரி "எங்கள் வீடு" என்று இருக்கட்டும்.

விடை சொல்லுங்கள் பார்ப்போம்

1. ஓரியின் அம்பு துளைத்த ஐந்து எவை?
2. ஓரியைப் போரில் கொன்ற வள்ளல் யார்?
3. ரங்கநாதர் குகையைச் செய்த அரசர் யார்?
4. ஆகாய கங்கையாகக் கொட்டும் ஆறு எது?
5. உங்கள் வீட்டிலேயே பழைய பொருள் எது? (இதற்கு விடை கட்டுரையில் இல்லை, வீட்டில் கேட்கவும்.)



ஒன்பதாம் வகுப்பு மாணவி