பறையும் ஒலிநாடாவும்: வானொலி நிலைய முகப்பிசையில் கருப்பொருள்

வானொலி நிலையம் தன் பெயரைச் சொல்லுமுன் தன்னை அறிவித்துக்கொள்ளும் சில நொடி இசையை இக்கட்டுரை ‘முகப்பிசை’ எனக் குறிக்கிறது. வானொலித் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உரை, நாடகம், செய்திநடை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. சொல்லுக்கு முன்வரும் இவ்வொலியை ஆராயத் தொல்காப்பிய அகத்திணையியலின் கருப்பொருள் வைப்புமுறை துணைசெய்யும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருதுகோள்.

அகில இந்திய வானொலியின் முகப்பிசையை 1930களில் அமைத்தவர் வால்டர் காஃப்மன். நாஜிகளின் எழுச்சிக்கு அஞ்சிப் பம்பாய் வந்த யூத இசையறிஞர் அவர். தம்புராவின் சுருதிமேல் வயலின் ஒலிக்கும் அவ்விசை சிவரஞ்சனி இராகச் சாயலுடையது. சென்னையில் கேட்டாலும் சிம்லாவில் கேட்டாலும் ஒன்றே. நாட்டுக்கெல்லாம் பொதுவாதலின் அதற்குத் திணை இல்லை; இது குறையன்று, அதன் நோக்கமே அதுதான்.

இதற்கு மறுதலையான சான்று இங்கிலாந்தில் கிடைக்கிறது. பிபிசி 1958இல் லண்டனின் மைடா வேலில் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்னும் மின்னணு ஒலிக்கூடத்தை நிறுவியது. 1967 நவம்பரில் தொடங்கிய ஷெஃபீல்டு உள்ளூர் வானொலிக்கு முகப்பிசை அமைத்தவர் அக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் கெயின். ஷெஃபீல்டு எஃகுக்கும் கத்தி, கரண்டிகளுக்கும் பெயர்பெற்ற ஊர். கெயின் எடுத்துக்கொண்ட மூல ஒலியும் அவற்றின் ஒலியே. சிந்தசைசர் பரவலாகாத காலம் அது. ஒலியை நாடாவில் பதிந்து, ஓட்ட வேகத்தை மாற்றிச் சுரங்களைப் பெற்று, பிளேடால் வெட்டி ஒட்டினர். நொடிக்கு 38 செ.மீ. ஓடும் நாடாவில் அரை நொடி என்பது 19 செ.மீ. ஆகக் காலம் அங்கே அளவுகோலால் அளக்கப்பட்டது. மாத்திரையைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளந்த மரபினர்க்கு இது அத்துணை அயலானதன்று.

தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்கும்போது பறையை அடுத்துச் செய்தியையும், அதனையடுத்து யாழையும் வைக்கிறார். செய்தி என்பது அந்நிலத்தார் தொழில். இரு இசைக்கருவிகளுக்கு இடையே தொழில் நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரையாசிரியர் காட்டும் பெயர்களுள் பின்னிரண்டும் தொழிலைச் சுட்டியே அமைந்துள்ளன. கெயினின் கரண்டி ஒலி இவ்வரிசையில் வைத்தெண்ணத்தக்கது.

ஒரு தடை எழும். நாடாவில் உருமாறிய ஒலியைக் கேட்போர் கரண்டியென அறியார். அறியப்படாத ஒன்று கருப்பொருளாகுமா? ஏறுகோட்பறையைக் கேட்டவன் அதன் தோலையும் கட்டையையும் எண்ணியிரான், ஏறுதழுவலையே எண்ணியிருப்பான். ஒலிக்கும் நிலத்துக்குமான இயைபு மூலப்பொருளால் மட்டும் அமைவதில்லை, வழங்குமிடத்தாலும் அமைகிறது. ஆதலின் தடை முழுதும் விலகாவிடினும் வலுவிழக்கிறது என்பேன்.

இந்தியாவில் 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடரின் துணையோடு மூக் சிந்தசைசர் கொண்ட ஒலிக்கூடம் அமைந்தது. சில ஆண்டுகளே அது இயங்கியது.

இவ்வினா எல்லைப்புறத்தில் கூர்மையடைகிறது. ஓசூர் – இராயக்கோட்டைச் சாலையிலுள்ள உத்தனப்பள்ளிப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்குகின்றன. அங்கே அலைவரிசையைத் திருப்புவோர்க்கு அறிவிப்பாளரின் முதற்சொல் காதில் விழுமுன் முகப்பிசை வந்துவிடுகிறது. எம்மொழி நிலையம் என்பதை ஒலியே முதலில் உணர்த்துகிறது. மலையும் காடும் சார்ந்த அந்நிலத்தில் இன்று ஆலைச் சங்கும் பிரஸ் இயந்திரத்தின் இடியும் ‘செய்தி’யின் ஒலிகள். அவற்றைக் குறிஞ்சியிலோ முல்லையிலோ அடக்குவதா, தனித்திணை வேண்டுமா என்பது களப்பதிவுகளைக் கொண்டே ஆராயத்தக்கது.