ஆபரேஷனுக்குப் பின் பார்வை திரும்புமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 52. பிட்யூட்டரி கட்டி பார்வை நரம்பை அழுத்துகிறதாம். மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பார்வை திரும்புமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?
– வாசகி, அறந்தாங்கி

பதில்: ஓரளவு சொல்ல முடியும், அம்மா. இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குக் கீழேதான் பிட்யூட்டரி இருக்கிறது. கட்டி மேலே வளர்ந்தால் பக்கவாட்டுப் பார்வை மங்கும். அப்பா செய்தித்தாளைப் படித்துவிடுவார். பைக்கில் போகும்போது சாலையோரத்திலிருந்து பாயும் ஆடு கண்ணில் படாது. இது புரியாமல் கண்ணாடியை மாற்றி மாற்றியே பலர் மாதங்களைத் தொலைக்கிறார்கள். மனம் பொறுக்கவில்லை. அழுத்தம் நீடிக்க நீடிக்க மீட்சி குறையும்.

நல்ல துப்பு தருவது ஓ.சி.டி. ஸ்கேன். 1991-இல் அறிமுகமானது, வலியில்லை, சில நிமிட வேலை. விழித்திரை நரம்பிழைப் படலத்தின் தடிமனை அளக்கும். நலமான கண்ணில் சராசரியாக 100 மைக்ரானை ஒட்டி இருக்கும். அது தேயாமல் இருந்தால், நரம்பு நசுங்கியிருக்கிறதே தவிர அழியவில்லை, நம்பிக்கை அதிகம். மெலிந்து, நரம்பு முனையும் வெளுத்திருந்தால் நம்பிக்கை குறைவு. அப்போதும் மிச்சப் பார்வையைக் காக்க ஆபரேஷன் வேண்டும்.

மூக்கு வழியே கட்டியை எடுத்தபின், மூக்கில் அடைத்த பஞ்சை அகற்றுவதற்குள்ளேயே சிலருக்கு வெளிச்சம் கூடும். மீதி, மாதக்கணக்கில் மெல்ல வரும்.

ஆபரேஷனுக்கு முன், ரத்தத்தில் புரோலாக்டின் ஹார்மோன் அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதைச் சுரக்கும் வகைக் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கும். இப்போதைய ஓ.சி.டி., பார்வைப்புலப் பரிசோதனைத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு எடுப்பதை அவற்றோடுதான் ஒப்பிடுவார்கள்.