பேட்டைக்கு ஒரு வார ஏடு

மைசூரு அரண்மனைக்கு வடக்கே, சயாஜி ராவ் சாலையை ஒட்டி அமைந்துள்ள பழைய பகுதி மண்டி மொஹல்லா. மண்டி என்பது மொத்த வாணிபம் நடைபெறும் இடத்தைக் குறிக்கும். மொஹல்லா என்பது நகரின் ஒரு பேட்டையைக் குறிக்கும். கடைகளும் வீடுகளும் நெருங்கி நிற்கும் இத்தகைய பழம்பேட்டை ஒன்றில் வாரந்தோறும் எத்தனையோ மாறுதல்கள் நிகழக்கூடும். குடிநீர் வரும் நேரம் மாறலாம். கழிவுநீர்க் கால்வாய் அடைபடலாம். சாலை தோண்டப்பட்டு மூடப்படாமல் கிடக்கலாம். பள்ளியில் சேர்க்கை தொடங்கலாம். அங்கு வாழ்வோருக்கு இவை தலைநகரத்துச் செய்திகளைவிட நெருக்கமானவை. எனினும் இவற்றுள் மிகச் சிலவே அச்சேறுகின்றன. இந்தக் குறையை நீக்க வல்லது பேட்டை அளவிலான வார ஏடு. அதன் இயல்பு, வருவாய், வரம்பு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நகர நாளேட்டின் எல்லை

மைசூரு இதழியலுக்குப் புதிய நகரம் அன்று. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1887-ஆம் ஆண்டில் 'விருத்தாந்த பத்ரிகே' என்ற கன்னட வார ஏட்டை இங்கு தொடங்கினர். 'தாத்தய்யா' என்று மக்களால் அழைக்கப்பட்ட எம். வேங்கடகிருஷ்ணய்யா பல இதழ்களை நடத்தி, சமஸ்தான நிர்வாகத்தின் குறைகளை எடுத்துரைத்தார். 1908-இல் பிறப்பிக்கப்பட்ட மைசூர்ப் பத்திரிகை ஒழுங்குமுறைச் சட்டம் இதழ்களின் குரலைப் பெரிதும் ஒடுக்கியது. சுதந்திரத்திற்குப் பின், 1978-ஆம் ஆண்டில் கே. பி. கணபதி 'ஸ்டார் ஆஃப் மைசூர்' என்னும் ஆங்கில மாலை நாளேட்டைத் தொடங்கினார். தலைநகரான பெங்களூரைச் சாராமல், ஒரு நகரம் தனக்கென ஒரு நாளேட்டைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

ஆனால் நகரத்திற்கும் பேட்டைக்கும் இடையே மற்றோர் இடைவெளி உள்ளது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மைசூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 9 இலட்சம். 2018-இல் மாநகராட்சித் தேர்தல் நடைபெற்றபோது வார்டுகளின் எண்ணிக்கை 65. ஒரு நாளேடு நாளொன்றுக்கு ஒரு வார்டு என்று முறைவைத்து எழுதினாலும், ஒரு வார்டின் முறை மீண்டும் வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேலாகும். இது ஆசிரியர்களின் அக்கறையின்மையால் நேர்வதன்று. பரப்பளவால் நேரும் எல்லை.

சென்னையின் அனுபவம்

இந்த எல்லையைக் கடக்கும் வழியைச் சென்னையில் காணலாம். 1994-ஆம் ஆண்டில் வின்சென்ட் டிசோசா 'மயிலாப்பூர் டைம்ஸ்' என்னும் ஆங்கில வார ஏட்டைத் தொடங்கினார். மயிலாப்பூரையும் அதை அடுத்த பகுதிகளையும் மட்டுமே தன் எல்லையாகக் கொண்ட அந்த ஏடு, வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. அடையாறு, அண்ணா நகர், மாம்பலம் ஆகிய பகுதிகளுக்கும் இத்தகைய ஏடுகள் தோன்றின. கோயில் விழா, இசைக் கச்சேரி, மாநகராட்சிப் பணி, மூத்த குடிமக்களின் தேவை, வாடகை வீடு, தனிப்பயிற்சி வகுப்பு போன்ற செய்திகளும் விளம்பரங்களுமே இவ்வகை ஏடுகளின் உள்ளடக்கம்.

இவற்றின் பயன் செய்தியோடு நின்றுவிடவில்லை. 2004-ஆம் ஆண்டில் வரலாற்றாளர் எஸ். முத்தையா, இதழாளர் சசி நாயர் ஆகியோருடன் இணைந்து டிசோசா தொடங்கிய 'மெட்ராஸ் தினம்', பின்னர் ஆண்டுதோறும் நகர மக்கள் பலர் பங்குகொள்ளும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. தம் தெருவின் செய்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் அத்தெருவின் வரலாற்றிலும் வருங்காலத்திலும் அக்கறை கொள்வது இயல்பே.

வருவாயின் கணக்கு

இலவசமாக வழங்கப்படும் ஓர் ஏடு எவ்வாறு நிலைத்து நிற்கும்? விடை விளம்பரத்தில் உள்ளது. பேட்டையிலுள்ள தையற்கடைக்காரர் ஒருவர் நகர நாளேட்டில் விளம்பரம் செய்தால், தம் கடைக்கு ஒருநாளும் வரப்போகாத பல்லாயிரம் வாசகர்களுக்கும் சேர்த்தே கட்டணம் செலுத்த நேரிடும். வட்டார ஏட்டிலோ, நடந்தே கடைக்கு வரக்கூடியவர்களுக்காக மட்டும் அவர் செலவிடுகிறார். எனவே ஏட்டின் எல்லை குறுகக் குறுக, சிறு வணிகருக்கு அதன் பயன் கூடுகிறது. மண்டி மொஹல்லா போன்ற வாணிபப் பேட்டைக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும்.

இவ்வருவாய் உறுதியானதன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2020-ஆம் ஆண்டில் கொள்ளை நோயால் ஊரடங்கு வந்தபோது கடைகள் மூடப்பட்டன, விளம்பரங்களும் நின்றன. அமெரிக்காவில் 2005-க்குப் பின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் மறைந்துவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை உள்ளூர் வார ஏடுகளே. விளம்பரத்தை மட்டுமே நம்பிய ஏடு, விளம்பரம் நின்றால் தானும் நின்றுவிடும்.

நெருக்கத்தின் நன்மையும் தீமையும்

சமூகவியல் அறிஞர் மோரிஸ் ஜனோவிட்ஸ் சிகாகோ நகரின் பேட்டை வார ஏடுகளை ஆராய்ந்து 1952-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பெருநகரத்திலும் மக்களைத் தம் வட்டாரத்தோடு பிணைக்க இவ்வேடுகள் உதவுகின்றன என்று அவர் கண்டார். அவை இணக்கத்தை வற்புறுத்திப் பூசலைத் தவிர்க்கும் இயல்புடையன என்பதும் அவர் சுட்டியதாகும்.

இவ்விரண்டாவது கருத்து ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. பேட்டை ஏட்டில் பொய்ச்செய்தி நெடுநாள் நிற்காது. வாசகரே தெருவில் இறங்கி உண்மையை அறிந்துகொள்வார். ஆனால் நடைபாதையை ஆக்கிரமித்த கடைக்காரரே ஏட்டின் விளம்பரதாரராக இருப்பின், அச்செய்தி வெளிவருமா? விளம்பரத்தின் பெரும்பகுதியை ஒருவரே அளிக்கும் ஏடு அவருடைய முகத்தைப் பார்த்தே எழுத நேரிடும். நூறு சிறு வணிகர்களிடமிருந்து வருவாய் பெறும் ஏடு, அவர்களில் ஒருவரை இழந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஆகவே வருவாய் பல கைகளிலிருந்து வருவதே இதழின் சுதந்திரத்திற்கு முதற்காப்பு.

உள்ளாட்சிக்கு ஒரு துணை

1993-ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-வது திருத்தம், மூன்று இலட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகையுள்ள நகராட்சிகளில் வார்டுக் குழுக்கள் அமைக்க வகை செய்தது. அக்குழு எடுக்கும் முடிவு அப்பகுதி மக்களைச் சென்றடையாவிடில் அதிகாரப் பரவல் ஏட்டளவிலேயே நின்றுவிடும். சாலைப் பணிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, ஒப்பந்தம் பெற்றவர் யார், பணி முடியவேண்டிய நாள் எது என்ற மூன்று வினாக்களை வாரந்தோறும் எழுப்பும் ஏடு, வார்டுக் குழுவுக்கு உறுதுணையாகும். விடை கிடைக்காதபோது, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் இத்தேவை மேலும் மிகுகிறது. 2018-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மைசூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2023-இல் முடிவுற்று, நிர்வாகம் அதிகாரிகளின் பொறுப்பில் சென்றது. வார்டு உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்ட இயலாத நிலையில், மக்களின் முறையீடு பதிவாவதற்கு வேறோர் இடம் வேண்டும்.

கைப்பேசிக் குழுக்கள் இப்பணியைச் செய்யவில்லையா என்று கேட்கலாம். அவை விரைவானவை, ஆனால் அங்குப் பரவும் செய்திக்குப் பொறுப்பேற்பவர் யாரென்று பெரும்பாலும் தெரிவதில்லை. அச்சிட்ட ஏடு தன் வெளியீட்டாளர், ஆசிரியர் பெயர்களைத் தாங்கி வருகிறது. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2023-ஆம் ஆண்டுப் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தலைப்பு ஒதுக்கீட்டையும் பதிவையும் இணையவழியில் ஒருசேரப் பெற அது வகை செய்வதால், சிறு வெளியீட்டாளரின் அலைச்சல் குறைகிறது.

செய்யத்தக்கவை

பேட்டை ஏடு தொடங்க விழைவோர் சிலவற்றைக் கருத்திற்கொள்ளுதல் நலம். முதலாவதாக, எல்லையை வாசகர் நடந்து கடக்கக்கூடிய அளவில் வகுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, கன்னடம், உருது, தமிழ் எனப் பல மொழிகள் வழங்கும் மைசூரு போன்ற நகரில், ஒரே ஏட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு இடமளிக்க வேண்டும். ஆங்கில ஏடு மட்டும் எல்லா வீடுகளையும் எட்டாது. மூன்றாவதாக, விளம்பரத்தையும் செய்தியையும் வாசகர் பிரித்தறியும்படி அச்சிட வேண்டும். நான்காவதாக, விளம்பரத்தோடு சிறு சந்தாவையும் சேர்த்து வருவாய்க்கு இரண்டு கால்கள் அமைக்க வேண்டும். ஐந்தாவதாக, பிழை நேர்ந்தால் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டும்.

உள்ளாட்சி அமைப்புகளும் தம் அறிவிப்புகளை, விருப்பு வெறுப்பின்றி ஒரே கட்டண விகிதத்தில் இவ்வேடுகளுக்கு அளிக்கலாம். அது சலுகையன்று, மக்களுக்குத் தகவல் சேர்ப்பதற்கான செலவே. குடிநீரும் சாலை விளக்கும் போலவே, தன் வார்டில் நடப்பதை அறியும் வாய்ப்பும் நகரவாசியின் அடிப்படைத் தேவை. அதை நிறைவேற்ற எட்டுப் பக்கங்களும், உண்மை உரைக்கும் துணிவும், நூறு சிறு கடைகளின் ஆதரவும் போதும்.