வங்கி ஏலத்தில் வீடு வாங்கலாமா?



"ஹஜ்ரத், முடிச்சூரில் ஒரு வீடு வங்கி ஏலத்திற்கு வருகிறது, கேட்கலாமா?" என்றார் ஒரு சகோதரர்.

ஏலம் கூடும். யாசிக்க வந்த அன்சாரி ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். இன்னொருவர் இரண்டுக்கு எடுத்தார். அந்த இரண்டும் பொருளுக்குரியவரிடமே போய்ச் சேர்ந்தன. அபூதாவூதில் வரும் செய்தி இது.

2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி, வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகே வீட்டைக் கைப்பற்றி விற்க முடியும். ஏலத்தொகையில் கடன், வட்டி, செலவு போக மிஞ்சுவது கடனாளிக்கே உரியது. எனவே, "நீ ஏற்றாதே, உனக்கு ஒரு தொகை தருகிறேன்" என்று பேசிவைத்து விலையை அமுக்கினால், வீடிழந்த குடும்பத்தின் பணத்தைத்தான் தின்கிறோம்! வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவது 'நஜ்ஷ்'. அதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.

வில்லங்கம், வரி பாக்கி, உள்ளே யார் குடியிருக்கிறார் என்பதை முதலில் விசாரியுங்கள். ஏலம் எடுத்ததும் 25 சதவீதம், விற்பனை உறுதியான 15 நாளில் மீதி கட்ட வேண்டும். தவறினால் கட்டியதும் போய்விடும். அதற்காக வட்டிக்கு வாங்கினால், அவர் விழுந்த குழியில் நாமும் விழுவோம்.

கடனாளி நம் மஹல்லாவாசியா? ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் பாக்கியைச் செலவோடு கட்டினால் வீடு மீளும். சிரமப்படுபவருக்கு அவகாசம் தரச் சொல்கிறது அல்பகரா 280-ஆம் வசனம். ஏலம் கேட்பதற்கு முன், ஜமாஅத்தாகக் கைகொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கித் தருவானாக! ஆமீன்.