சாங்கியிலிருந்து ரயிலில்: ஆளுக்கொரு அட்டை

சிங்கப்பூருக்கு முதன்முறை போகிறவர்கள் இறங்கியதும் டாக்சி தேட வேண்டியதில்லை. சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே எம்ஆர்டி ரயில் நிலையம் இருக்கிறது. லிட்டில் இந்தியா வரை சுமார் 2 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). வழி எளிது. நம் குடும்பங்கள் பெட்டிகளோடு திகைத்து நிற்பது நுழைவுக் கதவுக்கு முன்னால்தான்.

காரணம், இங்கே ஒருவழி டிக்கெட் கிடையாது, 2022-லேயே நிறுத்திவிட்டார்கள். "லிட்டில் இந்தியாவுக்கு நாலு" என்று காசை நீட்ட முடியாது. ஒவ்வொருவர் கையிலும் தனி அட்டை இருக்க வேண்டும். அப்பா தட்டிவிட்டு அதே அட்டையை அம்மாவிடம் கொடுத்தால் கதவு திறக்காது. உயரம் 90 சென்டிமீட்டரைத் தாண்டாத குழந்தைக்கு மட்டும் அட்டை வேண்டாம்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு. வானொலி அலைபோல நாலு கோடு அச்சிட்டிருந்தால் அப்படியே கதவில் தட்டலாம். ஆனால் நம்மூர் வங்கிகள் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் பெரும்பாலும் அணைத்தே வைத்திருக்கும். வங்கிச் செயலியில் இரண்டையும் வீட்டிலேயே திறந்துவிடுங்கள். விமான நிலையத்தில் ஓடிபி வராமல் தவிப்பது வீண் வேலை. வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள்.

இன்னொன்று ஈஸி-லிங்க் அட்டை. 10 வெள்ளி கொடுத்தால் அதில் 5 வெள்ளி அட்டைக்கு, 5 வெள்ளி பயணத்துக்கு. அட்டைக்கான 5 திரும்ப வராது. எனவே ஒரு வாரத்துக்குள் திரும்புகிறவருக்கு வங்கி அட்டையே மிச்சம். ஆனாலும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஈஸி-லிங்க்தான் வாங்க வேண்டும் என்பேன். தொலைந்தால் சில வெள்ளியோடு போகும். வங்கிக் கணக்கை நினைத்துப் பதற வேண்டாம்.

உள்ளே தட்டிய அட்டையையே வெளியேறும்போதும் தட்டுங்கள். அதே அட்டை போனில் இருந்தாலும் கதவுக்கு அது வேறு அட்டை. போனில் நுழைந்தால் போனிலேயே வெளியேறுங்கள்.

மற்றவை சுலபம். சிங்கப்பூரின் வருகைப் படிவத்தை அங்கே சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, கேட்கும் தளத்தை நம்பாதீர்கள். ரயில் நிலையம் முனையம் 2, 3-லிருந்து நடக்கும் தூரம். முனையம் 1-லிருந்து ஸ்கைடிரெயின், 4-லிருந்து பேருந்து; இரண்டும் இலவசம்.

ரயிலேறியதும் பெரும்பாலோர் தானா மேரா வரை போய் மாறுவார்கள். லிட்டில் இந்தியா போகிறவர் அதற்கு முன்பே, முதல் நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்குவதே மேல். அங்கே நீல நிற டவுன்டவுன் தடத்தில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் போகும் ரயிலைப் பிடித்தால் வேறெங்கும் மாறாமல் லிட்டில் இந்தியா வந்துவிடும். பெட்டி இருந்தால் லிஃப்ட் எங்கே என்று பாருங்கள், எஸ்கலேட்டர் வேண்டாம். வண்டிக்குள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகும். அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையை விடுதிக்குப் போய்ப் பிரியுங்கள்.

அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். பெட்டியை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு தேக்கா சந்தைக்கு நடந்தே போய்ச் சாப்பிடலாம். பிறகு பேருந்தில் ஏறினால் இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள். ரயிலில் கதவே நினைவூட்டும், பேருந்தில் யாரும் தடுக்க மாட்டார்கள். தட்டாமல் இறங்கினால் அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான காசு போய்விடும்.

விமானம் இரவு 11 மணிக்குமேல் தரையிறங்கினால் மட்டும் ரயிலை மறந்துவிட்டு டாக்சி வரிசையில் நில்லுங்கள்.