லேக் மார்க்கெட் தமிழர்

பணி மாற்றலாகிக் கொல்கத்தா வரும் குடும்பத்தின் முதற்கேள்வி, ‘பிள்ளைகள் எங்கே படிப்பர்?’ என்பதே.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலுவலகப் பணிக்காக இந்நகருக்கு வந்த தமிழர் பலர், தென்கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறினர். 1920களில் வெட்டப்பட்ட ஏரி அருகில் இருந்தது. அதுவே இன்றைய இரவீந்திர சரோவர். காலப்போக்கில் வாழையிலையும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் சந்தைக்கு வந்தன. தென்னிந்தியர் நேஷனல் உயர்நிலைப் பள்ளியையும் நிறுவினர். தெருவில் விளையாடிய பிள்ளைகள் வங்கமொழியும் கற்றனர்.

இன்று அங்கு வாடகை மிகுதி. ஆதலால் சிலர் தொலைவில் குடியேறுகின்றனர். வாடகை குறையினும் பள்ளிப் பயணம் நீளும். நல்ல பள்ளியை நாடிச் செல்வது ஒரு வழி. வாழும் இடத்தில் அதனை உருவாக்குவது முன்னோர் காட்டிய மற்றொரு வழி.

பயிற்சி: உம் பெற்றோர் இப்போதைய வீட்டைத் தேர்ந்தெடுத்த காரணங்களைக் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.